கடல் திறந்து மூடும் கைனன்ஸ் குடா

கடலோடு பிறந்து கடலோடு வளர்ந்தவர் நாம். ஆயினும், கடலானது ஒரு கரையை நாடோறும் இருமுறை முற்றாக மறைத்து, இருமுறை மீட்டுத் தரும் காட்சியை நம் தீவிலே காண்டல் அரிது. இலங்கைக் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் 2 அடியளவே. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையாகிய கோண்வாலிலோ அமாவாசை, பூரணைக் காலங்களில் நீர் ஏறத்தாழ 15 அடி உயர்ந்து தாழ்கின்றது. அதனாலன்றோ அங்குள்ள கைனன்ஸ் என்னும் சிறுகுடாவுக்குப் புறப்படுவோர், வானத்தைப் பார்க்குமுன் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்க்கின்றனர்!

இலண்டன் பெடிங்டன் நிலையத்திலிருந்து ரெட்ரூத்துக்குப் புகையிரதத்தில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பின்னர் ஹெல்ஸ்டன் வழியாக லிஸாட் கிராமத்துக்குப் பேருந்து. பிரித்தானியப் பெருந்தீவின் தென்கோடி லிஸாட் முனையே. பெயரைக் கேட்டுப் பல்லியைத் தேட வேண்டியதில்லை. பழைய கோணிஷ் மொழிச் சொல்லொன்றின் திரிபு அஃது என்பர். கிராமத்திலிருந்து கைனன்ஸுக்குச் செல்லும் மேட்டுவழி நெடுகிலும் இளஞ்சிவப்புப் பூக்கள் செறிந்த ஒருவகைப் புதர்ச்செடியைக் கண்டோம். கோணிஷ் ஹீத் எனப்படும் அச்செடி, பிரித்தானியாவிலே லிஸாட் பகுதியிலன்றி வேறிடங்களில் இயற்கையாக வளர்வது மிக அரிது.

நாங்கள் சென்றது ஆகஸ்டு மாதத்தில், பூரணைக்கு மறுநாள். இப்பகுதியில் பூரணையை அண்டிய நாட்களில் நண்பகலையொட்டியே நீர் மிகவும் வற்றும். மேட்டின் விளிம்பை அடைந்தபோது மணி பதினொன்று. கீழே பச்சையும் நீலமும் கலந்த நீரிலிருந்து கருங்குன்றுகள் தலைதூக்கி நின்றன. அவற்றிடையே வெண்மணல் சிறிது சிறிதாக வெளிப்பட்டுக் கொண்டிருந்தது. படிகளும் கரடான கற்பாதையுமாக இறங்கினோம். நீர் முற்றாக வற்றியதும், அஸ்பராகஸ் தீவு என்னும் குன்றுக்குக் கால் நனையாமலே நடந்து போக முடிந்தது. காட்டு அஸ்பராகஸ் செடி அங்கு வளர்வதால் வந்த பெயர் அது.

இங்குள்ள பாறையின் பெயர் சேர்ப்பென்டைன். பாம்பின் தோல்போல வரியும் புள்ளியுமாக இருத்தலின் அப்பெயர் பெற்றது. நம்மூர் விஷகடி வைத்தியர் வைத்திருக்கும் பாம்புக்கல்லுக்கும் இதற்கும் உறவில்லை. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன், சமுத்திரத்தின் அடித்தளமும் அதற்குக் கீழே ஆழத்தில் இருந்த பாறையும் நிலத்தின்மேல் தள்ளப்பட்டன. அவற்றின் எச்சமே இது. நாம் காலூன்றி நிற்பது புவியோட்டுக்கு அடியிலே கிடந்த பொருளின்மேல் என்று எண்ணும்போது உடல் சிலிர்க்கின்றது. அலைகள் இப்பாறையின் வெடிப்புகளில் ஓயாது மோதி, நலிந்த இடங்களைக் குடைந்து குகைகளாக்கிவிட்டன.

அக்குகைகளுக்கு முன்னாளைய உல்லாசப் பயணிகள் ‘வரவேற்பறை’, ‘விருந்தினர் கூடம்’ என்றெல்லாம் பெயரிட்டுள்ளனர். பெயர் சற்று ஆடம்பரமாகத் தோன்றலாம். உள்ளே சென்றபின் எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பெருக்கித் தண்ணீர் தெளித்த முற்றம்போலத் தரை மணல் ஒரு சுவடுமின்றிக் கிடந்தது. ஈரச் சுவர்களோ குங்குமச் சிவப்பும் பாசிப் பச்சையுமாக மினுங்கின. பேசினால் குரல் திரும்பி வந்தது. எம் இளைய மகள் தன் பெயரையே ஏழெட்டு முறை கூவிப் பார்த்தாள்.

1846-ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியாரின் கணவர் அல்பேட் இளவரசர், பிள்ளைகளுடன் இக்குடாவுக்கு வந்தார். அதன்பின் இக்கல்லிற் செய்த பொருள்கள் செல்வர் இல்லங்களில் பெருமதிப்புப் பெற்றன. கவிஞர் தெனிசனும் 1848-இல் இப்பக்கம் வந்தவரே.

இன்னொரு வருகையாளரையும் சொல்ல வேண்டும். செவ்வலகும் செங்கால்களும் உடைய சஃப் என்னும் காக்கையினம், கோண்வாலின் இலச்சினையில் இடம்பெற்ற பறவை. கோண்வாலில் எஞ்சியிருந்த கடைசிப் பறவை 1973-இல் இறந்தது. பின்னர் 2001-இல் சில பறவைகள் தாமாகவே லிஸாட்டுக்கு வந்து சேர்ந்தன. மறுவருடமே குஞ்சு பொரித்தன.

இரண்டு மணியளவில் அலையின் ஓசை மாறியது. பெருக்கின் உச்சத்துக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம் மணலில் நிற்றலாகாது என்பது இங்குள்ள எச்சரிக்கை. நீர் முன்பக்கமாக மட்டும் வருவதில்லை; குன்றுகளைச் சுற்றிப் பக்கவாட்டில் வந்து திரும்பும் வழியை முதலில் அடைக்கும். குகைக்குள் இருப்பவர்க்கு அது தெரியாது. “இன்னும் கொஞ்ச நேரம் நிற்போம், அப்பா” என்று மகள் கெஞ்சினாள். அவள் கையைப் பற்றிக்கொண்டு மூன்று மணிக்கு முன்னரே படியேறிவிட்டேன். அவளுக்குக் கோபம், சிறிது தூரம் என்னுடன் பேசவில்லை.

நாலரை மணிக்கு மேட்டிலிருந்து குனிந்து பார்த்தோம். அஸ்பராகஸ் தீவு மீண்டும் தீவாகியிருந்தது. நாங்கள் சோறுண்ட மணற்றிட்டைக் காணவில்லை. அவள் பெயர் கூவிய குகையின் வாயிலில் நுரை புகுந்து புகுந்து வெளிவந்தது. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்து நின்றாள்.

லிஸாட் கிராமத்தில் இக்கல்லைக் கடைந்து விற்கும் சிறு பட்டறைகள் உண்டு. அங்கே அவள் விரும்பியது வெளிச்சவீடும் அன்று, பூச்சாடியும் அன்று. மெருகிடாத ஒரு துண்டுக் கல். காய்ந்த நிலையில் அது வெறும் கருங்கல்லாகத் தெரிந்தது. பேருந்தில் வரும்போது போத்தல் தண்ணீரில் விரலை நனைத்து அதன்மேல் தேய்த்தாள். சிவப்பும் பச்சையும் தெரிந்தன. காயக் காய மீண்டும் தேய்த்துக்கொண்டே வந்தாள்.