களிமண்ணும் கணினியும்

குடிசார் பொறியியல் கற்றுத் தேறிய எம் பழைய மாணவன் ஒருவன் சென்ற வாரம் எம் இல்லம் வந்தான். கணினி நிரல் எழுதுவதிலும் அவனுக்குப் பெருவிருப்பு. "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறேன் ஐயா, எதை விடுவது?" என்றான். "ஒன்றையே பற்றிக்கொள்" என்று முன்னர் அவனுக்கு உபதேசித்தவர் நாமே! சற்று நாணினோம்.

வடமராட்சி மண் தந்தவரும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கியவருமான பேராசிரியர் அழகையா துரைராஜா அப்பொழுது எம் நினைவில் வந்தார். அவர் கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கொபீல்ட் என்பாருடன் ஆராய்ந்து 1963இல் வெளியிட்ட கட்டுரை, ஈரக் களிமண் சுமையின்கீழ் நெகிழும் இயல்பைக் கணிதத்தில் அடக்கியது. அவ்வாராய்ச்சி வழிவந்த 'கேம் களி' மாதிரியுரு இன்று பொறியியலாளர் கையாளும் கணினி நிரல்களில் இடம்பெறுகின்றது. அத்திவாரத்தின் கீழுள்ள மண்ணைச் சிறு சிறு கூறுகளாக்கி, ஒவ்வொன்றும் எவ்வளவு அமிழும் என்று கணினி கணிக்கின்றது.

ஆயினும், மண்ணின் குணம் அறியாதான் பிழையான எண்ணை இட்டால், கணினியும் பிழையான விடையையே தரும். கட்டடமோ மெய்யான மண்ணின் மேலன்றோ நிற்கின்றது!

"மண்ணையும் அறி, நிரலையும் எழுது. இரண்டும் ஒரு தொழிலே" என்றோம். அவன் முகம் தெளிந்தது. எம் நெஞ்சும் இலேசாயிற்று.