600 வெள்ளிக்கு ஒரு கேமரா

எனக்கு வானொலியில் வேலை. குரல்களைச் சேமித்து வைக்கத் தெரியும். ஆனால் எழுபதைத் தாண்டிய அம்மாவின் நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அதற்காகவே டிஎஸ்எல்ஆர் வாங்கக் கிளம்பினேன். கையில் 600 வெள்ளி.

புதியதை விட்டுவிட்டு, பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். நீங்களும் போனால், ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் பிடித்துவிடும்.

மிச்சப் பணத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ், முழு ஸூமில் எஃப் 5.6தான். இது ஒன்பது மடங்குக்கும் அதிகமாக வெளிச்சத்தை உள்ளே விடும். ஃபிளாஷ் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அம்மாவை, சாமி விளக்கு வெளிச்சத்திலேயே எடுக்க முடிந்தது.

அடுத்த ஆண்டு இதைவிட நல்ல கேமரா வரும். வீட்டுப் பெரியவர்களை இப்போதே படம் எடுத்துவிடுங்கள்.