ஷோகேஸில் இருந்த ஓடு

எங்கள் வீட்டு ஷோகேஸில் வலம்புரி போலத் தோன்றும் இடம்புரிச் சங்கு ஒன்று, பேரனின் ஓட்டப்பந்தயக் கோப்பை ஒன்று, தலையாட்டும் தஞ்சாவூர் பொம்மை ஒன்று. இவற்றுக்கு நடுவில் உள்ளங்கை அகல ஓட்டுத்துண்டு ஒன்றும் 1982 முதல் இருந்து வந்தது. ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் சிவப்பு. வருகிறவர்கள் கேட்டால் "ஆதிச்சநல்லூர்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, அவர்கள் மேலும் கேட்பார்களா என்று காத்திருப்பேன். பெரும்பாலும் கேட்கமாட்டார்கள்.

சென்ற வருடம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். ஆதிச்சநல்லூரில் தரைக்குக் கண்ணாடி போட்டு, முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய குழியிலேயே பார்க்கிற மாதிரி 2023 ஆகஸ்டில் திறந்திருக்கிறார்கள் அல்லவா, அதைச் செல்போனில் காட்டினான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி பெர்லினுக்குக் கொண்டுபோனது, 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியதில் பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கல, இரும்புச் சாமான்களும் கிடைத்தது, இடையில் 1903-04 வாக்கில் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து தன் பங்குக்குப் பாரீஸுக்கு எடுத்துச் சென்றது என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். "நம்ம சொத்தை எல்லாம் அள்ளிட்டுப் போயிட்டானுங்க" என்று முடித்தேன்.

அடுப்படியில் இருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, பாரீஸுக்குப் போனது இருக்கட்டும். நம்ம ஷோகேஸுக்கு வந்தது?"

பேரன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ஓடு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக நான் தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்த சமயம், மேசையை ஒட்டிய மேசையில் எனக்கு ஏழெட்டு வயது மூத்த அண்ணாச்சி ஒருவர் இருந்தார். ஏரல் பக்கத்துக்காரர். ஊரில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், எனக்கோ துறைமுகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. ஒரு சனிக்கிழமை, "ஓய், நாளைக்கு சைக்கிள எடும். ஒமக்குப் பழைய ஊரெல்லாம் காட்டுதேன்" என்றார். என்னிடம் இருந்தது பச்சை நிற ஹெர்குலஸ். 1982 பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் தேதி வேறு எதற்கோ நினைவிருக்கும்.

திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காடு உப்பளங்களைத் தாண்டும்போது விடிந்தது. பழையகாயல், முக்காணி, அங்கிருந்து மேற்கே திரும்பி உமரிக்காடு வழியாகக் கொற்கை. பாண்டியன் துறைமுகம், முத்து குவிந்த ஊர் என்று படித்தவன் ஆதலால் குறைந்தபட்சம் ஒரு இடிந்த மதிலாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வாழையும் வயலும் குளமும்தான் இருந்தன. கடலைக் காணோம். தாமிரபரணி வண்டல் கொட்டிக் கொட்டிக் கடலைப் பல கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. பெரிய வன்னிமரம் ஒன்றைக் காட்டி அண்ணாச்சி, "இதுதான் ரெண்டாயிரம் வருசம்னு சொல்லுதாக" என்றார். அக்கசாலை என்று பெயருள்ள சிறு கோயில் இருக்கிறது. அக்கசாலை என்றால் காசு அடிக்கும் இடம். பெயரில் மட்டும் நாணயச்சாலை மிச்சம். அங்கே 1968-69 அகழாய்வில் கிடைத்த கரியைச் சோதித்துக் கி.மு. 785 என்று கணக்கிட்டார்கள் என்பதையெல்லாம் நான் பிற்பாடுதான் படித்தேன். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த பெரிப்ளூஸ் என்ற கடல்வழி நூலில், கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று இருக்கிறது. முத்து மாலைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஏரலில் அண்ணாச்சி வீட்டில் இட்லி. பிறகு பெருங்குளம், ஸ்ரீவைகுண்டம். வலது பக்கம் குளம், இடது பக்கம் வாழை, வாழைக்கு அப்பால் ஆறு. நவதிருப்பதிக் கோபுரங்கள் ஒன்று மறையும்போது ஒன்று தெரியும். ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றைக் கடந்தோம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு அங்கேதான், 1873-இல் கட்டி முடித்தது. புதுக்குடியிலிருந்து மேற்கே திரும்பினால் சைக்கிள் மிதிக்கக் கொஞ்சம் கனக்கும். நம் மாவட்டத்தில் மலை என்றால் வல்லநாடு, கழுகுமலை, கருங்குளத்துக் குன்று என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு மேடுதான். சுற்றிலும் பச்சை, நடுவில் 114 ஏக்கருக்குச் சரளையும் முள்ளும். விளையாத மேட்டில் இறந்தவர்களை வைத்துவிட்டு, விளைகிற பள்ளத்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள் என்று அண்ணாச்சி சொன்னார். படித்த யாரும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

அப்போது அங்கே காவல் கிடையாது. மத்தியத் தொல்லியல் துறையின் நீலப் பலகை மட்டும் நின்றது. பாதுகாக்கப்பட்ட இடம், சேதப்படுத்தினால் தண்டனை என்று மூன்று மொழியில். அரசு ஊழியன் ஆதலால் முழுவதும் படித்தேன். படித்துவிட்டு, காலடியில் கிடந்த ஓட்டுத்துண்டைக் குனிந்து எடுத்து, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். அண்ணாச்சி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்ப் புத்தகங்களில் அவர் பெயரை லேப்பிக்யூ, லாபிக்கு என்று பலவிதமாக எழுதியிருப்பார்கள். லூயி லாப்பிக் என்பதுதான் உச்சரிப்பு. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இந்த மாதிரித் திருத்தங்கள் சொல்லக் கிடைத்தால் விடமாட்டேன். நரம்பில் மின்சாரம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் இவரேதான். 1907-இல் அவர் எழுதிய கட்டுரையை இன்று கம்ப்யூட்டர்க்காரர்கள்கூட மேற்கோள் காட்டுகிறார்களாம். இங்கே வந்தது மனித இனங்களை ஆராய. மண்டை ஓட்டை அளப்பது அந்தக் காலத்து மோகம். "ஒம்ம ஊர்க்காரன்தானய்யா கொண்டுட்டுப் போனான்" என்று அண்ணாச்சி என்னைச் சீண்டுவார். எனக்குக் கோபம் வரும். ஆனால் உள்ளுக்குள், எனக்குப் பாடம் சொன்ன மொழியைப் பேசிய ஒருவர் இந்தப் பரம்பில் நின்றிருக்கிறார் என்று ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. இந்த வயதில் அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

மனைவி கேட்ட பிறகு அந்த ஓட்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. போன ஆனி மாதம் ஒரு நாள், பழைய பனியனில் சுற்றி, பேரனின் கியர் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் போயிருக்கலாம். மகன் போனில் சத்தம் போட்டான். சைக்கிளில் வந்தது சைக்கிளிலேயே போகட்டும் என்று பதில் சொன்னேன். வெறும் வீம்புதான். எழுபத்து நாலு வயதில் அவ்வளவு தூரம் மிதிக்க முடியுமா என்று பார்க்கும் ஆசையும் கொஞ்சம்.

இந்தத் தடவை சாயர்புரம் வழி. காலை நாலரைக்குப் புறப்பட்டேன், வெயில் ஏறினால் மேல்காற்று பிடித்துவிடும் என்று. அப்படியும் சாயர்புரம் தாண்டியதும் பிடித்துக்கொண்டது. ஆனி ஆடியில் அந்தக் காற்று மார்பில் கைவைத்துத் தள்ளும். கியரை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே கனம். ஜி.யு. போப் 1840-களில் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் அது. அவரும் இந்தக் காற்றில் நடந்திருப்பார். தேரி மண் ஓரத்தில் ஒரு அம்மா பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். பட்டையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "தாத்தா, ஒங்களுக்குப் பிள்ளையள் இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றோரச் சுவர் ஒன்றில் 2023 டிசம்பர் வெள்ளம் நின்ற கோடு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. என் தலைக்கு மேலே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. இங்கே ரயில் நிலையத்தில் பயணிகள் எண்ணூறு பேர் சிக்கிக்கொண்டது நினைவிருக்கும்.

பத்தே முக்காலுக்குப் பரம்பு. கண்ணாடிமேல் நின்று குனிந்து பார்த்தேன். தாழிகள் உடைந்தும் சாய்ந்தும் மண்ணோடு மண்ணாக இருந்தன. எனக்குக் கால் கூசியது. அங்கே இருந்த இளைஞர் ஒருவரிடம் பனியனைப் பிரித்துக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அய்யா, இத எந்தப் பக்கமா எடுத்திய?"

எனக்கு நினைவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். எந்தக் குழி, எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் ஓடு பேசுமாம். இல்லையென்றால் வெறும் ஓடுதானாம். எனக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு காலம் தள்ளியவன். எண்ணும் தேதியும் இல்லாத காகிதம் எந்தக் கோப்பிலும் சேராது, கடைசியில் கட்டுக்குள் போய் எலி தின்னும். மூவாயிரம் வருடம் தன் இடத்தில் கிடந்த ஒன்றை ஒரு நிமிடத்தில் அப்படி ஆக்கிவிட்டேன். யாகோரையும் லாப்பிக்கையும் பற்றியாவது யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

அண்ணாச்சியைக் கேட்டால் சொல்லியிருப்பார். அவர் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. அந்த வருடத்து டைரி என்னிடம் இருக்கிறது, கிளம்பும் முன்பே எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி 14: டீ இரண்டு, எண்பது காசு. புதுக்குடியில் பஞ்சர், ஒரு ரூபாய். அவ்வளவுதான்.

மேலே கேட்க வேண்டும், ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார் இளைஞர். வேப்பமர நிழலில் உட்கார்ந்து எழுதினேன். பொருள்: மட்கல ஓட்டுத்துண்டு ஒன்று திருப்பி ஒப்படைத்தல் – தொடர்பாக. கைக்கு அது பழகிய வேலை. கிடைத்த இடம் என்ற வரியில் "பரம்பின் கிழக்குப் பகுதி" என்று எழுதி, யோசித்து, "கிழக்கு" என்பதை அடித்தேன். காரணம் என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

திரும்பும்போது காற்று முதுகில். ஸ்ரீவைகுண்டம் தாண்டியபின் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெருங்குளம் கரைக்கு வந்த பிறகுதான், கடிதத்துக்கு ஒப்புகை வாங்காமல் வந்துவிட்டது உறைத்தது.