குழாயை வெட்டும் வரிசை

பிரிட்டனில் வீட்டுக் கொட்டகையிலேயே கார் செய்யும் ஆர்வலர்கள் பெரிதும் கையாளும் மாதிரிகளுள் ஒன்று, 'லோகாஸ்ட்' எனப்படும் இரண்டு இருக்கைத் திறந்த கார். காலின் சாப்மேன் 1957-இல் அறிமுகப்படுத்திய லோட்டஸ் செவன் காரின் அமைப்பைத் தழுவி, ரான் சாம்பியன் எழுதி 1996-இல் வெளிவந்த கையேடே இவ்வழக்கத்தைப் பரப்பியது. இதன் சேஸிஸ், அதாவது அடிச்சட்டகம், 'ஸ்பேஸ் ஃபிரேம்' வகையைச் சார்ந்தது. ஓர் அங்குலச் சதுரக் குழாய்கள் முக்கோணங்களாகப் பிணைக்கப்பட்டு, விசை ஒவ்வொரு குழாயையும் வளைக்காமல் அதன் நீளவாக்கில் இழுக்கவோ அமுக்கவோ செய்யுமாறு அமைக்கப்படுவது இவ்வகை. குழாய்ச் சுவரின் தடிமன் 16 கேஜ், ஏறத்தாழ 1.6 மி.மீ. மட்டுமே. இத்தனை மெல்லிய சுவரில் இடைவெளியை வெல்டிங்கால் நிரப்ப முயன்றால் ஓரம் உருகி ஓட்டை விழுவதோடு, குளிரும் உலோகம் சுருங்கிச் சட்டகத்தையே இழுத்துவிடும் என்பதால், சேஸிஸின் தரம் பெரும்பாலும் வெட்டும்போதே முடிவாகிவிடுகிறது.

திட்டமிடல், கடையில் வாங்கும் நீளத்திலிருந்து தொடங்குகிறது. 6 மீட்டர்க் குழாயிலிருந்து 1500 மி.மீ. துண்டுகள் நான்கு கிடைக்கும் என்று காகிதக் கணக்கு சொல்லும். ஆனால் கட்-ஆஃப் மெஷினின் உராய்வுச் சக்கரம் ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மி.மீ. இரும்பைப் பொடியாக்கிவிடுவதால், மூன்று வெட்டுகளுக்குப் பின் நான்காம் துண்டு 1491 மி.மீ. அளவிலேயே நிற்கும். ஆகவே நீண்ட துண்டுகளை முதலில் ஒதுக்கி, மிச்சத்தில் குட்டைத் துண்டுகளைப் பொருத்தி, வெட்டுவாயின் அகலத்தையும் சேர்த்தே பட்டியலிட வேண்டும்.

அடுத்து வருவது சாய்வெட்டு. 25 மி.மீ. குழாயை 45 பாகையில் வெட்டினால் அதன் ஒருபக்கம் மறுபக்கத்தைவிட 25 மி.மீ. நீண்டிருக்கும், எனவே குறித்த நீளம் வெளிமுனைக்கா, உள்முனைக்கா என்பது பட்டியலிலேயே தெளிவாக இருக்க வேண்டும். இரு முனைகளும் ஒரே திசையில் சாய்ந்தால் துண்டு இணைகரமாகவும், எதிரெதிராகச் சாய்ந்தால் சரிவகமாகவும் அமையும். பின்னதற்கு இரண்டாம் வெட்டுக்குமுன் குழாயைப் புரட்டிப் போட வேண்டும். பல மெஷின்களின் அளவுகோலில் நேர்வெட்டே சுழியம் என்பதால், இரு குழாய்களுக்கு இடையே 60 பாகை என வரைபடம் காட்டும் இடத்தில், ஒன்றன்மேல் முட்டும் குழாய்க்கு மெஷினை 30 பாகையில் நிறுத்த வேண்டும் என்பதும் நினைவில் இருக்க வேண்டியது.

இவ்வளவு துல்லியமான பட்டியல் கையிலிருந்தும், அனுபவமுள்ளவர் எல்லாத் துண்டுகளையும் ஒரே மூச்சில் வெட்டுவதில்லை. அடித்தளக் குழாய்களை மட்டுமே பட்டியலில் உள்ள அளவுப்படி வெட்டி, தட்டையான பலகையில் வரைந்த கோடுகளின்மீது வைத்து, மரக்கட்டைகளால் நகராமல் இறுக்கி, 'டேக்' எனப்படும் சிறு பற்றுகளால் மட்டும் இணைத்து, எதிர்மூலைகளுக்கு இடையிலான இரு தூரங்களும் சமமா என்று பார்க்கிறார். பின்னர் வரும் மூலைவிட்டக் குழாய்களின் நீளத்தைச் சட்டகத்திலிருந்தே அளக்கிறார். ஏனெனில் வரைபடத்துக்கும் நிற்கும் சட்டகத்துக்கும் இடையே ஓரிரு மி.மீ. வேறுபாடு அதற்குள் வந்திருக்கும். துண்டு ஒரு மி.மீ. கூடுதலாக வெட்டப்பட்டு, பிசிர் நீக்கப்பட்டு, அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்க்கப்பட்டு, பின்னால் விளக்கைப் பிடித்தால் மூட்டில் ஒளிக்கீற்று தெரியாத நிலையில்தான் டேக் வைக்கப்படுகிறது.

இடவலமாக இணைசேரும் துண்டுகளுக்கு மட்டும் இன்னொரு விதி உண்டு: இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாகவே வெட்டுவது. இரு பக்கமும் வரைபடத்தைவிட இரண்டு மி.மீ. குறைந்தாலும் கார் நேராக ஓடும். ஒரு பக்கம் மிகச் சரியாக இருந்து மறுபக்கம் மட்டும் குறைந்தால், சஸ்பென்ஷன் பொருத்தும் புள்ளிகள் ஒன்றுக்கொன்று விலகி, சக்கரங்களின் கோணத்தைத் திருத்தும் வேலை இறுதிவரை தொடரும். அதனால் கைதேர்ந்தவரின் பட்டியலில் முதலில் குறிக்கப்படுவது நீளங்கள் அல்ல, எந்தத் துண்டு எதற்கு இணை என்பதே.