'பரவாயில்ல'ன்னு ஒரு நம்பர் கிடையாது!

"ஜீரோவிலிருந்து பத்துக்குள்ள உங்க வலி எவ்வளவு மேடம்?"

ஆபரேஷன் முடிந்து என்னை வார்டுக்குக் கொண்டுவந்த அன்று இரவு, கையில் பேனாவும் சார்ட்டுமாக நின்று அந்த நர்ஸ் கேட்டார். சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது.

"பரவாயில்ல சிஸ்டர்" என்றேன்.

"பரவாயில்லன்னு ஒரு நம்பர் கிடையாது மேடம். எத்தனைன்னு சொல்லுங்க."

எனக்குப் பதில் வரவில்லை. நான் கணக்கு டீச்சர். தினமும் நாற்பது பிள்ளைகளிடம் விடை கேட்கிறவள். என் வலிக்கு ஒரு எண் சொல்லச் சொன்னால் திணறுகிறேன். வயதுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை.

எல்லாம் சரியாயிடும்!

திண்டுக்கல்தான் எங்கள் ஊர். எனக்கு இப்போது 36 வயது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே மாதவிலக்கு நாட்களில் சுருண்டு படுத்துவிடுவேன். வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுப்பார் அம்மா. "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பார். கல்யாணம் ஆனது. சரியாகவில்லை. "ஒரு பிள்ளை பெத்துட்டா சரியாயிடும்" என்றார்கள். நாலு வருடக் காத்திருப்புக்குப் பிறகு மகள் பிறந்தாள். இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தேன். அப்புறம் வலி முன்பைவிட அதிகமாகத் திரும்பி வந்தது.

ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் போர்டில் எழுதுவேன். கைப்பையில் வலி மாத்திரை அட்டை எப்போதும் இருக்கும். கேஸ் என்றார் ஒரு டாக்டர். அல்சர் என்றார் இன்னொருவர்.

போன வருடம் மதுரையில் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தோம். அவர் கேட்ட இரண்டு கேள்விகளை அதுவரை யாருமே கேட்டதில்லை. "பீரியட்ஸ் சமயத்துல மலம் கழிக்கிறப்போ வலிக்குதா? வீட்டுக்காரரோட சேரும்போது வலிக்குதா?" இரண்டுக்கும் தலையாட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதிமூன்று வருடத்தில் அவரிடமும் நான் சொன்னதில்லை.

ஸ்கேனில் இடது சினைப்பையில் ஐந்து சென்டிமீட்டரில் ஒரு 'சாக்லேட் கட்டி' தெரிந்தது. நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்பக்கம் இருக்கும் சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை என்று கண்ட இடத்திலும் வளர்ந்துவிடுகிறது. மாதாமாதம் ஹார்மோன் ஏறி இறங்கும்போது அங்கேயும் வீக்கமும் கசிவும் ஏற்படுகின்றன. அந்த ரத்தம் வெளியேற வழியில்லை. சினைப்பையில் அது தேங்கிப் பழுப்பாகக் கெட்டியாவதால்தான் அந்தப் பெயர். நாளடைவில் உள்ளே இருக்கும் உறுப்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குழந்தைப்பேறு வயதில் இருக்கும் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. என் வகுப்பறைக் கணக்குப்படி நாற்பது பெண்களில் நான்கு பேர்!

மாத்திரையில் ஆறு மாதம் ஓடியது. வலி அடங்கவில்லை. லேப்ராஸ்கோப்பி என்று முடிவானது.

தயாரான கதை

டீச்சர் புத்தி, எல்லாவற்றையும் பட்டியல் போட்டேன். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே. இன்ஷூரன்ஸ் அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும் என்பதால் அந்த ஓட்டத்தை அவர் எடுத்துக்கொண்டார்.

மயக்க மருந்து டாக்டர் தனியாக உட்கார வைத்துப் பேசினார். ஆஸ்துமா உண்டா, மருந்து அலர்ஜி உண்டா, ஆடும் பல் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றார். தெரிந்தவர்கள் சொல்லி ஒரு சூரணம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திட்டுவாரோ என்று தயங்கித்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சில மூலிகைகள் ரத்தம் உறையறதைப் பாதிக்கும். இன்னிக்கே நிறுத்திடுங்க. எதையும் மறைக்காதீங்க" என்றார்.

கட்டி குடலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கலாம் என்ற சந்தேகத்தில், முதல் நாள் கஞ்சி, ஜூஸ் என்று நீராகாரம் மட்டும். சாயங்காலம் பேதிக்குக் கொடுத்தார்கள். காலை ஆறு மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. நெயில் பாலிஷ் இருக்கக் கூடாது. விரலில் மாட்டும் கருவிக்கு ஆக்சிஜன் அளவு சரியாகத் தெரியாதாம்.

பையில் என்ன வைத்தேன் என்பதையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான நைட்டி நான்கு. பாவாடை நாடா தொப்புள் தையலில் உரசும் என்பதால் சேலை வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். பெரிய அளவு நாப்கின், ஒரு குட்டித் தலையணை, நீளமான சார்ஜர் வயர். வீட்டில் ஒன்பது நாளைக்கான சமையல் திட்டத்தை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

பள்ளியில் மூன்று வாரம் மெடிக்கல் லீவ் கேட்டபோது "என்ன ஆபரேஷன்?" என்றார்கள். "வயித்துல ஒரு சின்னக் கட்டி" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

மெட்டி

உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, மின்சாரக் கருவி பயன்படுத்துவோம் என்று சொல்லிவிட்டார்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டும் என்றதும் என் மாமியார் முகம் மாறியது. ஒன்றும் பேசவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் கயிற்றை எடுத்தார். அதில் மஞ்சள் கிழங்கு கோத்திருந்தது. முதல் நாளே யோசித்துத் தயாராக வந்திருக்கிறார்! கயிறு பரவாயில்லை என்றார் நர்ஸ்.

மெட்டிதான் வரவில்லை. கால் வீங்கியிருந்ததோ என்னவோ, பதிமூன்று வருட மெட்டி விரலை விட்டு அசையவில்லை. எழுபது வயதில் அத்தை தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் வைத்து, சோப்பு நுரை போட்டுத் திருகித் திருகிக் கழற்றினார். "என்ன அத்தை, நீங்க போய் என் காலை..." என்று இழுத்தேன். "சும்மா இரு, ஆட்டாதே" என்றார்.

தோளில் ஒரு வலி

இரண்டரை மணி நேர ஆபரேஷன். கட்டியை உரித்து எடுத்து, கருப்பையின் பின்பக்கமும் குடலும் ஒட்டியிருந்ததைப் பிரித்துவிட்டிருந்தார்கள். கண் விழித்தபோது தொண்டை கரகரத்தது, சிறுநீர்க் குழாய் போட்டிருந்தது. வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. ஆபரேஷன் வயிற்றில், வலி தோளிலா என்று பயந்துபோனேன்.

உள்ளே இடம் விரிந்து கேமராவில் தெளிவாகத் தெரிய, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்துகிறார்கள். மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்தும். அந்த நரம்பும் தோளின் நரம்பும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் வலி தோளில் தெரிகிறதாம். இரண்டு மூன்று நாளில் போய்விடும், நடந்தால் சீக்கிரம் போகும் என்றார் டாக்டர்.

அந்த இரவில்தான் நர்ஸ் நம்பர் கேட்டார். கடைசியில் "ஏழு" என்றேன். "அப்ப இவ்வளவு நேரம் ஏன் கூப்பிடல?" என்று கேட்டுக்கொண்டே ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை பிடித்துக்கொண்டு நாலடி, மதியம் வராந்தா முழுக்க. "காத்து பிரிஞ்சுச்சா?" என்று டாக்டரிலிருந்து ஆயாம்மா வரை எல்லோரும் கேட்டார்கள். பிரிந்ததும் வீடே போனில் சந்தோஷப்பட்டது! மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். மதுரையிலிருந்து திண்டுக்கல் வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் குட்டித் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டேன்.

நாலு புள்ளிதானே!

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. தொப்புளில் ஒன்று, அடிவயிற்றில் மூன்று. மொத்தம் நாலு சின்ன பிளாஸ்திரி. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏமாந்துபோனார்கள். "இவ்வளவுதானா? எங்க காலத்துல வயித்தையே கிழிச்சாங்க. உனக்கு நாலு புள்ளிதானே!" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

எனக்கும் அப்படியே தோன்றிவிட்டது. உள்ளே உரித்து, பிரித்து, கருக்கிய இடமெல்லாம் ஆற வேண்டும் என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. நோயும் வெளியே தெரியவில்லை, காயமும் தெரியவில்லை. இருமினால் வலி, டி.வி.யில் வடிவேலு வந்தால் சிரிக்க முடியாமல் வலி. குளித்துவிட்டு வந்தால் மாரத்தான் ஓடியதுபோல அசதி. ஆனாலும் கேட்டவர்களுக்கெல்லாம் "பரவாயில்ல" என்றேன். எட்டாம் நாளே அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பத்தாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார். அத்தைக்கு முழங்கால் வலி. அரைக் குடம்தானே என்று தூக்கினேன். அடிவயிற்றில் சுரீரென்று இழுத்தது. சாயங்காலம் உதிரப்போக்கு அதிகமானது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். மறுநாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை, முழு ஓய்வு என்றார்கள். "டிஸ்சார்ஜ் தாள்ல எழுதியிருக்கே, படிக்கலையா?" என்றார் டாக்டர். படித்திருந்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அத்தை அந்தத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். என் மகள் சத்தமாகப் படித்தாள். "ஆறு வாரத்துக்கு கனமான பொருள் தூக்கக் கூடாது. மலச்சிக்கல் வராம பாத்துக்கணும். காய்ச்சல், வாந்தி, குறையாத வயித்து வலி, அதிக ரத்தப்போக்கு, தையல்ல சீழ், கால் வீக்கம் இருந்தா உடனே வரணும்."

"இத்தனை இருக்கா? நீ ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றார் அத்தை.

"நீங்க எல்லாம் கஷ்டப்படறீங்களேன்னுதான்..."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்க காலத்துல தீட்டுன்னு கொல்லைப்புறத்துல ஒதுக்கி வச்சாங்க. கேவலமா இருக்கும். ஆனா மூணு நாள் உடம்பைக் கீழ போட்டுக் கிடப்போம். நீ அந்த மூணு நாளும் நின்னுக்கிட்டே பாடம் எடுத்திருக்க. நானும் காபி கொண்டா, தோசை ஊத்துன்னு உன்னை வேலை வாங்கியிருக்கேன்."

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மறுநாள் காலை அந்த டிஸ்சார்ஜ் தாள் தினசரி காலண்டர் ஆணியில் தொங்கியது. சமையல் அவரும் அவர் மகனும். மகளுக்குக் குழாயடி டியூட்டி, சின்னக் குடத்தில்!

இப்போது...

திசுப் பரிசோதனை முடிவு எண்டோமெட்ரியோசிஸ்தான் என்று உறுதி செய்தது. புற்றுநோய் இல்லை. மூன்று வாரம் என்று கேட்ட லீவை ஐந்து வாரமாக்கினேன். இந்த முறை விண்ணப்பத்தில் நோயின் பெயரை முழுதாக எழுதினேன். வேலைக்குத் திரும்பிய அன்று ஸ்டாஃப் ரூமில் இரண்டு டீச்சர்கள் தனித்தனியாக வந்து, "எனக்கும் அப்படித்தான் வலிக்கும், எந்த டாக்டரைப் பார்த்தீங்க?" என்று கேட்டார்கள்.

ஆபரேஷன் செய்தால் இந்த நோய் அடியோடு போய்விடும் என்று நானும் சொல்ல மாட்டேன், என் டாக்டரும் சொல்லவில்லை. திரும்ப வரலாம். அதைத் தள்ளிப்போட தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன். அவ்வப்போது அடிமுதுகில் பிடிக்கும், சில நாள் லேசாக உதிரம் படும். ஆனால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாடம் எடுக்கும் நிலைமை இல்லை.

என் மகளுக்கு ஒன்பது வயது. போன வாரம் வயிறு வலி என்று வந்தவள், "அம்மா, பத்துக்கு நாலு" என்றாள். நொறுக்குத்தீனிதான் காரணம். ஆனாலும் உட்கார வைத்து முழுசாகக் கேட்டேன்.

நேற்றுக் காலை நான் இடுப்பில் கைவைத்து நிற்பதை அத்தை பார்த்துவிட்டார்.

"எத்தனை?" என்றார்.

"மூணு, அத்தை."

"அப்ப சட்னி நான் அரைக்கிறேன். நீ இட்லியை மட்டும் பாத்துக்கோ."