விதைநெல்லும் ஹார்ட் டிஸ்க்கும்

விவசாயி வீட்ல கம்ப்யூட்டர் எதுக்குன்னு பட்டணத்துக்காரங்க கேட்கிறப்போ எனக்குச் சிரிப்புதான் வரும். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, பயிர்க் காப்பீட்டு ரசீது, கொள்முதல் நிலையத்துச் சீட்டு, மகளோட மதிப்பெண் பட்டியல் எல்லாம் இப்போ பீரோவுல இல்லை, கம்ப்யூட்டர்லதான் இருக்கு. எங்க நைனா நோட்டுல எழுதி வச்ச மழைக் கணக்கும் அதுலதான். சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு பட்டம் பட்டமா என்னைக்கு நாத்து விட்டார், என்னைக்கு அறுத்தார்னு பென்சில்ல எழுதி வச்சிருந்தார். நோட்டுல பாதியைக் கரையான் தின்னுடுச்சு. மிச்சத்தை மகள் ஒரு கோடை லீவு முழுக்க உட்கார்ந்து ஸ்கேன் பண்ணினாள். அதுக்கப்புறம் மிச்சமும் உதிர்ந்துடுச்சு. ஆக, அந்தக் கையெழுத்து இப்போ இருக்கிற ஒரே இடம் அந்தப் பெட்டிதான்.

அதைவிட முக்கியமா இன்னொண்ணும் அதுல இருக்கு. எங்க கழனிக்கு மேற்கால ஒரு வாய்க்கால் போச்சு. போச்சுன்னு சொல்றேன் பாருங்க. 2019-ல பக்கத்து நிலத்தை வாங்கி மனை போட்டவர் மண்ணடிச்சு அதை மூடிட்டார். "இங்க வாய்க்காலே கிடையாது, அது மாட்டுத்தடம்"னு இப்போ சொல்றார். 2012 நவம்பர்ல, மழை விட்ட மறுநாள், தண்ணி கரை தட்டி ஓடுறதை என் மச்சான் அவரோட டிஜிட்டல் கேமராவுல எடுத்தார். மொத்தம் பதினாலு படம். நாலு பேர் சாட்சிக்கு வர்றேன்னு சொன்னாங்க. ரெண்டு பேர் இப்போ உயிரோட இல்லை, ஒருத்தர் அதே மனையில பிளாட் வாங்கிட்டார். மீதி இருக்கிற சாட்சி ஒருத்தரும் அந்தப் பதினாலு படமும்தான்.

வக்கீல் ஒரு விஷயம் சொன்னார். "வாட்ஸப்ல அனுப்பாதீங்க, கேமரால இருந்து வந்த கோப்பு அப்படியே இருக்கணும்"னார். காரணம் இருக்கு. கேமரா எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளயும் தேதி, நேரம், கேமரா மாடல் எல்லாம் தானா பதிஞ்சிருக்கும். வாட்ஸப்ல சாதாரணமா படமா அனுப்பினா அது படத்தைச் சுருக்கி, அந்தக் குறிப்பையும் கழட்டிடும். 2024 ஜூலை 1-லிருந்து அமலுக்கு வந்த புதுச் சாட்சியச் சட்டத்துல, பாரதிய சாக்ஷிய அதினியம், 63-வது பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்தோட ஒரு சான்றிதழும் தரணும். அதுல கோப்போட ஹாஷ் எண்ணையும் எழுதணும். ஹாஷ்னா கோப்போட கைரேகைன்னு வச்சுக்குங்க. ஒரு புள்ளி மாறினாலும் எண் மொத்தமா மாறிடும். அப்படின்னா அந்தப் பதினாலு கோப்பும் ஒரு எழுத்துகூட மாறாம எத்தனை வருஷம் ஆனாலும் இருந்தாகணும். நம்ம ஊர் வழக்கு எத்தனை வருஷம் ஓடும்னு உங்களுக்கே தெரியும்.

இந்த நேரத்துலதான் வேப்பம்பட்டுல இருக்கிற எங்க பெரியப்பா மகனோட கம்ப்யூட்டர் மெதுவாகுதுன்னு ரிப்பேருக்குப் போச்சு. கடைக்காரப் பையன் "சூப்பரா ஆக்கிட்டேன் சார்"னு திருப்பிக் கொடுத்தான். உண்மையிலேயே வேகமாத்தான் இருந்தது. உள்ளே ஒண்ணுமே இல்லையே, வேகமா இல்லாம என்ன செய்யும்? ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்கலை. அண்ணி இறந்து அப்போ எட்டு மாசம். அவங்க படம் எல்லாம் அதுலதான் இருந்தது. அண்ணன் யாரையும் திட்டலை. "போனவ ரெண்டாந்தரம் போயிட்டாப்பா"ன்னு மட்டும் சொன்னார். அன்னைக்கு ராத்திரியே இதைப்பத்தி ஒழுங்கா விசாரிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல பராமரிப்பு மென்பொருள். இதுல என் முடிவு சுருக்கமானது: முக்கால்வாசி வேண்டாம். "உங்க கம்ப்யூட்டர்ல 1,243 பிழைகள்"னு சிவப்புல பயமுறுத்துறது எல்லாம் சந்தையில பல்லைப் புடுங்குறவன் கதைதான். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் பண்றோம்னு விக்கிற மென்பொருட்களை மைக்ரோசாஃப்டே ஆதரிக்கிறதில்லை. சிசிளீனர்னு ஒண்ணு, நம்ம ஊர் கடைப் பையங்க எல்லாரும் முதல்ல போடுறது அதைத்தான். 2017 ஆகஸ்ட், செப்டம்பர்ல அதோட 5.33 பதிப்புக்குள்ளயே திருடங்க புகுந்து கெட்ட நிரலை வச்சுட்டாங்க. கம்பெனியோட சொந்தத் தளத்துல இருந்து இறக்கினவங்களுக்கே அது வந்தது. சுமார் 22 லட்சத்து எழுபதாயிரம் கம்ப்யூட்டர்ல போய் உட்கார்ந்தது. களை எடுக்க வந்த ஆளே களை விதையை மடியில கட்டிட்டு வந்த மாதிரி. குப்பையைக் கழிக்க விண்டோஸ்லயே இருக்கிற டிஸ்க் கிளீனப் போதும், வைரஸுக்கு அதோட டிஃபெண்டர் போதும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான ஆதரவு முடிஞ்சுபோச்சு, அதைப் பாருங்க. பாதுகாப்புத் திருத்தம் வராத கம்ப்யூட்டருக்கு எந்தக் கிளீனரும் காவல் இருக்காது. எஸ்எஸ்டி போட்டிருந்தா, டிஃப்ராக் பண்றேன்னு வர்ற மென்பொருளையும் அனுப்பிடுங்க, அதுக்கு அது தேவையே இல்லை.

எங்க வீட்டுக்கு உண்மையான பராமரிப்பு தூசிதான். நெல்லு தூத்துற சமயத்துல பறக்கிற சொணை வீட்டுக்குள்ள வந்து மின்விசிறியில அடைச்சுக்கும். சூடாகி அணைஞ்சுபோகும், வைரஸ்னு நெனச்சுக்குவோம். அறுவடை முடிஞ்சதும் பிளக்கைக் கழட்டிட்டு, மூடியைத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால மெதுவாத் தள்ளினா போதும். ஒருமுறை பவர் சப்ளைக்குள்ள பல்லி. அதுக்கு எந்த யுடிலிட்டியும் கிடையாது.

ஒரே ஒரு கருவியை மட்டும் நான் விடாம வச்சிருக்கேன், கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ. ஜப்பான்காரர் ஒருத்தர் எழுதினது, இலவசம். ஹார்ட் டிஸ்க் தன்னைப்பத்தித் தானே எழுதிக்கிற கணக்கைப் படிச்சு, நல்லா இருக்கு, ஜாக்கிரதை, மோசம்னு நிறத்துல காட்டும். நீலம் மஞ்சளாச்சுன்னா அன்னைக்கே காப்பி எடுத்துட்டு டிஸ்க்கை மாத்திடணும். ஆனா நீலமா இருந்தே திடீர்னு செத்துப்போறதும் உண்டு. மாடு மாதிரிதான்.

இனி காப்பு. இதுலதான் நேரம் போச்சு.

நிறையப் பேர் சொன்னது, "கூகுள்ல போட்டுடுங்க, தானா ஏறிக்கும்." போட்டேன், வேண்டாம்னு சொல்லலை. ஆனா இலவசம் 15 ஜிபிதான். போட்டோவுக்குக் கணக்கில்லாம இலவச இடம்னு இருந்ததும் 2021 ஜூன் 1-ஓட நின்னுபோச்சு. அதைவிடப் பெரிய விஷயம், ஒத்திசைவு வேற, காப்பு வேற. இங்க அழிச்சா அங்கயும் அழியும். கொஞ்ச நாள் குப்பைத்தொட்டியில கிடக்கும், அப்புறம் அதுவும் போயிடும். கண்ணாடியில பார்க்கிற நெல்லு விதைநெல் ஆகுமா?

முழு டிஸ்க்கையும் அப்படியே படி எடுக்கிற மென்பொருள்களையும் பார்த்தேன். நல்லவைதான். ஆனா அதுங்க எடுக்கிற பிரதி ஒரே பெரிய மூட்டையா, அந்த மென்பொருளால மட்டும் பிரிக்கிற மாதிரி இருக்கும். மேக்ரியம் ரிஃப்ளெக்ட்னு ஒண்ணை எல்லாரும் புகழ்ந்தாங்க. அதோட இலவசப் பதிப்பையே நிறுத்திட்டாங்க. எனக்கு ஒரு கேள்விதான்: நான் இல்லாத அன்னைக்கு, என் வீட்டம்மா இந்த டிஸ்க்கை எந்தக் கம்ப்யூட்டர்ல சொருகினாலும் அந்தப் பதினாலு படத்தைக் கண்டுபிடிச்சு வக்கீல்கிட்ட கொடுக்க முடியுமா? இந்தக் கேள்வியைக் கேட்டதும் பட்டியல்ல இருந்த பாதி உதிர்ந்துபோச்சு.

கடைசியில நின்னது ரெண்டு. ஒண்ணு விண்டோஸோடயே வர்ற ஃபைல் ஹிஸ்டரி. வெளி டிஸ்க் சொருகியிருக்கிறப்போ மணிக்கொருதரம், மாறின கோப்பை மட்டும் தேதி போட்டு எடுத்து வைக்கும். பழைய பதிப்பும் இருக்கும். டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி வழக்கமான ஃபோல்டரைத்தான் அது பார்க்கும், டி டிரைவ்ல போட்டதை நாமதான் சேர்க்கணும். இன்னொண்ணு ஃப்ரீஃபைல்சிங்க். இடப்பக்கம் கம்ப்யூட்டர், வலப்பக்கம் டிஸ்க், எது புதுசுன்னு கோடு போட்டுக் காட்டும், அழுத்தினா போகும். சாதாரண ஃபோல்டராத்தான் போய் உட்காரும், மூட்டை கட்டாது. அதுல "மிரர்"னு ஒரு முறை இருக்கு, அதை நான் தொடுறதில்லை. இங்க இல்லாததை அங்கயும் அழிச்சுடும். "அப்டேட்" மட்டும்தான்.

டிஸ்க்குக்கு ரிச்சி தெருவுக்குப் போனேன். காலையில திருநின்றவூர்ல லோக்கல் ஏறினா சென்ட்ரல், அங்கிருந்து நடந்துடலாம். ஒரு டெராபைட் ரெண்டு வாங்கினேன். "ஒண்ணு போதுமே சார்"னார் கடைக்காரர், வியாபாரியே அப்படிச் சொன்னது ஆச்சரியம்தான். பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோகிராஃபர் பிரபலப்படுத்தின 3-2-1 கணக்கை அவருக்குச் சொன்னேன்: மூணு பிரதி, ரெண்டு வகைச் சாதனம், ஒண்ணு வேற இடத்துல. "விவசாயமா பண்றீங்க?"ன்னு ரெண்டாந்தரம் கேட்டார்.

முதல் டிஸ்க் வீட்ல. ஆனா சொருகியே வைக்கிறதில்லை. சனிக்கிழமை ராத்திரி சொருகி, முடிஞ்சதும் கழட்டி அரிசி டிரம் மேல. காரணம் வானாக்ரை. 2017 மே 12-ல கிளம்பின அந்த மீட்புப்பண வைரஸ் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளை முடக்கினது எல்லாருக்கும் தெரியும். மூணே நாள்ல அது வயநாட்டுல தரியோடு கிராமப் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் வந்து 300 டாலர் கேட்டது. கிராமத்துக்கு யார் வரப்போறான்னு இருக்க முடியாது. சொருகியிருக்கிற டிஸ்க்கையும் அது சேர்த்துப் பூட்டிடும். இடி மின்னலுக்கும் இதே நியாயம்தான்.

ரெண்டாவது டிஸ்க் வேலூர்ல, அக்கா வீட்டு பீரோவுல. எங்க ஊர்ல ஏரிகாத்த ராமர் இருக்கார், மறுக்கலை. ஆனா 2015 டிசம்பர் 1-ஐ நாங்க பார்த்தோம். தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் பெஞ்ச மழை அது. எங்க தெருவுல முழங்கால் தண்ணி, ஏரியோரத்து வீடுங்கள்ல இடுப்பளவு. கம்ப்யூட்டரும் காப்பு டிஸ்க்கும் ஒரே மேஜையில இருந்தா ரெண்டும் சேர்ந்துதான் மிதக்கும்.

பூசலார் நாயனார் ஊர் இது. கையில காசில்லாம, அஸ்திவாரத்துல இருந்து கலசம் வரைக்கும் மனசுக்குள்ளயே கோயில் கட்டினார். காஞ்சியில பல்லவ ராஜா கட்டின கற்கோயிலுக்கு அதே நாள்ல குடமுழுக்கு வச்சிருக்க, சிவன் அவர் கனவுல வந்து "நீ வேற நாள் பாரு"ன்னு சொன்னதா பெரிய புராணம். எங்க ஊர்ப் பெருசுங்க எதைக் கேட்டாலும் "எல்லாம் மனசுல இருக்குப்பா"ங்கிறது அங்கிருந்து வந்த பழக்கமோ என்னவோ. நைனாவுக்கும் வாய்க்கால் கணக்கு முழுக்க மனசுலதான் இருந்தது. எந்த மடை, எந்த வருஷம் யார் தூர் வாரினது, எல்லாம். நோட்டுல மழை மட்டும்தான் எழுதினார்.

சரி, காப்பு எடுத்தாச்சு. அது முளைக்குமா?

விதைநெல்லை மூட்டையா வச்சிருக்கோம்னு நிம்மதியா தூங்குற விவசாயி கிடையாது. நூறு நெல் எண்ணி, நனைச்ச சாக்குல பரப்பிச் சுருட்டி வச்சு, ஒரு வாரம் பத்து நாள்ல பிரிச்சு எண்ணுவோம். எண்பதாவது முளைக்கணும், சான்று விதைக்கு அரசாங்கக் கணக்கும் 80 சதவீதம்தான். காப்பு டிஸ்க்குக்கும் நான் அதையே செய்யறேன். ஒவ்வொரு பட்டம் முடிஞ்சதும், மகளோட பழைய இலவச லேப்டாப்புல டிஸ்க்கைச் சொருகி, கண்ணை மூடிட்டு இருபது கோப்பு எடுத்துத் திறந்து பார்ப்பேன். (அந்தத் திட்டத்தையே 2011 செப்டம்பர் 15-ல பக்கத்துல காக்களூர்லதான் தொடங்கி வச்சாங்க.) பதினாலு படத்துக்கு மட்டும் ஹாஷ் எண்ணும் சரிபார்ப்பேன், விண்டோஸ்ல செர்ட்யூட்டில்னு ஒரு கட்டளை இருக்கு, தனி மென்பொருள் வேண்டாம். எண்ணை ஒரு நோட்டுல பேனாவால எழுதி வச்சிருக்கேன்.

முதல் சோதனையில இருபதுல பதினேழுதான் முளைச்சது. மூணும் கூட்டுறவுச் சங்கத்துக்கு நைனா டைப் அடிக்கச் சொல்லி வாங்கின பழைய மனுக்கள். கோப்பு திறந்தது, ஆனா உள்ளே தமிழ் இல்லை, ஏதேதோ ஆங்கிலக் கிறுக்கல். யூனிகோடு வர்றதுக்கு முன்னாடி ஆளுக்கொரு எழுத்துரு. தமிழக அரசே 2010-லதான் யூனிகோடுக்கு மாறினது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல அந்தக் கோப்பு ஊமை. என்எச்எம் கன்வர்ட்டர் வச்சு மாத்தினோம், பழைய எழுத்துருக் கோப்புகளையும் டிஸ்க்லயே ஒரு ஃபோல்டர்ல போட்டோம். உங்க வீட்ல 2005-க்கு முந்தின தமிழ்க் கோப்பு இருந்தா இன்னைக்கே திறந்து பாருங்க.

நார்வேயில ஸ்வால்பார்டுங்கிற பனித்தீவுல மலைக்குள்ள உலக விதைக் கிடங்கு இருக்கு, 2008-ல திறந்தது. சிரியாவுல அலெப்போ பக்கத்துல இருந்த இக்கார்டா விதை வங்கிக்குச் சண்டையில போக முடியாமப் போனப்போ, 2015-ல தாங்க கொடுத்து வச்ச விதையைத் திருப்பி எடுத்தாங்க. அந்தக் கிடங்குல இருந்து முதல்முதலா வெளிய வந்த விதை அதுதான். லெபனான்லயும் மொராக்கோவுலயும் விதைச்சு, பெருக்கி, மறுபடி கொண்டுபோய் வச்சாங்க. எடுத்து விதைச்சு, முளைச்சதைத் திருப்பி வைக்கிற அந்த வேலைதான் எனக்குப் பிடிச்சது.

வீட்டம்மாவுக்கும் சோதனை வச்சேன். நான் கழனியில இருக்கிறப்போ, டிஸ்க்கை எடுத்து வாய்க்கால் படத்தைக் கண்டுபிடின்னு போன்ல சொன்னேன். ஏழு நிமிஷம். "ஃபோல்டர் பேரு தமிழ்ல வச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துல எடுத்திருப்பேன்"னாள். மாத்திட்டேன். இப்போ அதோட பேரு "மேற்கு வாய்க்கால் 2012, அழிக்காதே".

அண்ணனுக்கும் ஒரு டிஸ்க் வாங்கிக் கொடுத்து, சொந்தக்காரங்க போன்ல இருந்த அண்ணி படங்களை எல்லாம் கேட்டு வாங்கிப் போட்டோம். முப்பத்தொண்ணு தேறிச்சு, பெரும்பாலும் கல்யாண வீட்டுல பின்வரிசையில நிக்கிறது. அம்மா நாத்து நடவுப் பாட்டு பாடி வச்ச ரெண்டு கேசட் பரண்ல இருக்கு. நவரை நடவு முடிஞ்சதும் அதைப் பதிவு பண்ணணும், ஓடுற டேப் ரிக்கார்டர் ஒண்ணு கிடைச்சா.