கால் அந்தரத்தில்... கணக்கு பத்திரத்தில்!

கூத்தாநல்லூரில் இறங்கி, ‘இங்கே மேடு எங்கே இருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆற்றங்கரையைக் காட்டுவார்கள். ‘இன்னும் கொஞ்சம் உசரமா?’ என்றால் வாய்க்கால் பாலத்தைக் காட்டுவார்கள். அதுக்கும் மேலே கேட்டால் உங்களையே ஒரு மாதிரி பார்ப்பார்கள்! திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவே தோசைக்கல் மாதிரி தட்டையான நெல் பூமி. மலை கிடையாது, பள்ளத்தாக்கு கிடையாது. ஆனால் சாயங்காலம் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் பசங்க பேச்சில் காது வைத்தால், ‘ஏர்டைம்’, ‘லூப்’, ‘டிராப்’ என்று ஒரே ரோலர் கோஸ்டர் வாடை!

எப்படி வந்தது இந்தப் பைத்தியம்? இந்த ஊருக்கு ‘சின்ன சிங்கப்பூர்’ என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாக மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று சபர் போய் சம்பாதிக்கிற ஊர். அத்தா அனுப்பும் பெட்டியில் சென்ட் பாட்டில், டார்ச் லைட்டோடு ஒரு போட்டோவும் வரும். பின்னணியில் வளைந்து நெளிந்து வானத்தைக் குத்தும் ஒரு தண்டவாளம். அந்த போட்டோவைப் பார்த்து வளர்ந்தவன் ராட்டினத்தோடு திருப்திப்படுவானா?

எது கெத்து?

பட்டிமன்றம் எப்போதும் இரண்டு கட்சியாகத்தான் பிரியும். துபாய், அபுதாபி கட்சிக்கு வேகம்தான் உசுரு. அவங்க துருப்புச்சீட்டு, அபுதாபி ஃபெராரி வேர்ல்டில் 2010-ல் ஓட ஆரம்பித்த ‘ஃபார்முலா ரோஸா’. மணிக்கு 240 கி.மீ. அதுவும் கிளம்பி ஐந்து நொடிக்குள்! கண்ணில் தூசி விழாமலிருக்க கண்ணாடி மாட்டிவிடுவார்கள். இப்போது அதையும் ஓரங்கட்டியாச்சு. 2025 டிசம்பர் 31-ல் சவூதியில் திறந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் கித்தியா சிட்டியின் ‘ஃபால்கன்ஸ் ஃப்ளைட்’, மணிக்கு 250 கி.மீ. வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டது. நீளம் நாலு கிலோமீட்டருக்கும் மேலே!

சிங்கப்பூர் கட்சி விடுமா? ‘வேகம் மட்டும் இருந்தா போதுமாடா, வித்தை வேணாமா?’ என்று ஆரம்பிப்பார்கள். செந்தோசா யுனிவர்சல் ஸ்டூடியோஸில் இருக்கும் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில் இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று துரத்தி, மோதப்போவது போல வந்து, மயிரிழையில் விலகும். ஒன்றில் காலுக்குக் கீழே தண்டவாளம், இன்னொன்றில் தலைக்கு மேலே. உங்க ஓட்டு எந்தக் கட்சிக்கு?

மினி பஸ் ஏர்டைம்

வெளிநாடு போகாதவங்க கவலைப்பட வேண்டாம். கோஸ்டரின் ஆதி ருசி நம்ம மினி பஸ்ஸிலேயே இருக்கு. கடைசி சீட்டில் உட்காருங்கள். டிரைவர் அண்ணன் நல்ல மூடில் இருந்து, வாய்க்கால் பாலத்தை வேகம் குறைக்காமல் தாண்டினால் என்ன ஆகும்? பஸ் இறங்கும், நீங்கள் இறங்க மாட்டீர்கள்! ஒரு நொடி சீட்டுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இருக்காது. வயிறு தொண்டைக்கு வந்து போகும். கோஸ்டர் ரசிகர்கள் ‘ஏர்டைம்’ என்று உருகுவது இதைத்தான்.

கோஸ்டரிலும் கடைசி சீட்டுக்குத் தனி மவுசு. முன்பெட்டிகள் மேட்டைத் தாண்டி இறங்க ஆரம்பித்ததும், முழு ரயிலும் வேகம் எடுத்துவிடும். கடைசிப் பெட்டி உச்சியைத் தொடும்போதே இழுத்துக்கொண்டு பாயும். முன் சீட்டில் காட்சி, பின் சீட்டில் வயிற்றைக் கலக்கும் குஷி!

ப்ளஸ் ஒன் கணக்கு கைகொடுக்கும்

இயற்பியல் வாத்தியார் ‘செங்குத்து வட்டம்’ நடத்தியபோது ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தீர்களா? அந்தக் கணக்கை மறந்து லூப் கட்டினால் கழுத்து போச்சு. உண்மையிலேயே போச்சு! 1895-ல் நியூயார்க் கோனி ஐலண்டில் ‘ஃப்ளிப் ஃப்ளாப்’ என்று ஒரு கோஸ்டர். லூப்பைச் சுத்தமான வட்டமாகவே போட்டார்கள். வட்டத்தின் உச்சியைத் தாண்டத் தேவையான குறைந்தபட்ச வேகத்தில் போனாலே, அடியில் நம்ம எடை ஆறு மடங்காக அழுத்தும். அதுவும் நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குள் நுழைந்த அடுத்த கணமே! ஏறியவங்க கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

தீர்வு என்ன? லூப்பைக் கண்ணீர்த்துளி வடிவத்தில் வளைப்பது. கீழே அகலமான வளைவு, மேலே போகப் போக இறுக்கமான வளைவு. 1976-ல் கலிஃபோர்னியாவில் ஓட ஆரம்பித்த ‘ரெவல்யூஷன்’ கோஸ்டரில் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் இன்ஜினீயர் போட்ட கணக்கு இதுதான். இன்றைக்குப் பெரும்பாலான லூப்கள் வட்டம் இல்லை, துளிதான்.

இன்னொரு குட்டிக் கணக்கு. தஞ்சை பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. அந்த உசரத்திலிருந்து உராய்வே இல்லாமல் ஒரு கோஸ்டர் சரிந்தால், கீழே வரும்போது வேகம் மணிக்கு சுமார் 130 கி.மீ. உங்க எடை 45 கிலோவா, 95 கிலோவா என்பதைப் பற்றி அந்தக் கணக்குக்குக் கவலையே இல்லை. விமானத்தின் உச்சிக்கல்லை சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி, சரிவுப் பாதையில் ஏற்றியதாகச் சொல்வார்கள். கோஸ்டரை முதலில் உச்சிக்கு இழுத்துப்போகும் ‘லிஃப்ட் ஹில்’லும் அதே யோசனைதானே?

முட்டுக்கட்டையின் மகிமை

ஓட விடுவது சுலபம், நிறுத்துவதுதான் கலை. இதைக் கத்துக்க சுவிட்சர்லாந்து போக வேண்டாம். பஸ் பிடித்து திருவாரூர் போங்கள். அலங்கரித்து நிற்கும்போது ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன். ஆயிரக்கணக்கான கைகள் வடம் பிடித்து இழுக்கும் அந்த மலையை நிறுத்துவது யார்? திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக் ஒருபக்கம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சக்கரத்துக்கு அருகிலேயே ஓடி, சரியான நொடியில் முட்டுக்கட்டை போடும் தொழிலாளிகள் இன்னொருபக்கம். வீதி மூலையில் இரும்புத் தகடு போட்டு அவ்வளவு பெரிய தேரைத் திருப்புவதைப் பார்த்தால், எந்த கோஸ்டர் வளைவும் ஜுஜுபிதான். பேச்சில் ‘முட்டுக்கட்டை போடாதே’ என்று திட்டுகிறோம். தேருக்குக் கீழே நிற்பவனுக்கு அதுதான் உசுரு!

பயம் பொய்யா இருக்கணும்

இப்போ கொஞ்சம் சீரியஸ். நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணித் திருவிழா, மன்னார்குடி பங்குனித் திருவிழா... டெல்டாவில் திருவிழா என்றாலே ராட்சத ராட்டினம், கொலம்பஸ், பிரேக் டான்ஸ், மரணக்கிணறு வேண்டும். நமக்கெல்லாம் முதல் திரில் அங்கேதான். அந்த ஜாலியைக் குறை சொல்லவில்லை. ஆனால் வித்தியாசம் புரியணும்.

நல்ல கோஸ்டரில் பயம் பொய், பாதுகாப்பு நிஜம். தண்டவாளத்தை மேலே ஒரு சக்கரம், பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று பக்கமும் கவ்விப்பிடித்திருக்கும். அதனால்தான் தலைகீழானாலும் கழன்று விழாது. லிஃப்ட் ஹில்லில் ‘டக் டக் டக்’ என்று கேட்கிறதே, பல கோஸ்டர்களில் அது ரயில் பின்னால் சரியாமல் தடுக்கும் கொக்கியின் சத்தம். பயமுறுத்துவதாக நினைப்பீர்கள், அது உங்களைக் காவல் காக்கிறது!

ஒரே ராத்திரியில் மாட்டி, பத்து நாளில் கழற்றி, அடுத்த ஊருக்கு லாரியில் ஏற்றும் ராட்டினத்தில் ஒவ்வொரு போல்ட்டையும் யாராவது ஒருத்தர் மறக்காமல் முறுக்கியிருக்கணும். பெரிய பார்க் என்றாலும் அசட்டை கூடாது. 2016 மே மாதம் சென்னை அருகே ஒரு பார்க்கில், சோதனை ஓட்டத்தின்போது ரைடு விழுந்து ஒருவர் உயிரிழந்தார். ரைடில் ஏறியிருந்தவர்கள் அங்கேயே வேலை பார்த்த ஊழியர்கள். நம்ம ஒரு நிமிஷ கூச்சலுக்காக முன்கூட்டியே உயிரைப் பணயம் வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

அதனால், ஏறும் முன்னே இதைக் கவனிங்க:

* மடியில் விழும் கம்பியை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஆடினால் கூச்சப்படாமல் கையைத் தூக்குங்கள். ‘பயந்தாங்கொள்ளி’ என்று ஃப்ரெண்ட்ஸ் ஓட்டினால் ஓட்டட்டும்.
* துப்பட்டா, விரித்த கூந்தல், கழுத்துச் செயின் மூன்றையும் கட்டி, முடிந்து, கழற்றிவிட்டு ஏறுங்கள்.
* உயர அளவுகோலை ஏமாற்ற குதிகால் தூக்காதீர்கள். அந்தக் கோடு கம்பிக்குள் உடம்பு சரியாகப் பொருந்துவதற்கான கணக்கு.
* வயிறு முட்ட பிரியாணியும் தம்ரூட்டும் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். பின் சீட்காரர் பாவம்!

நம்ம பேர்ல ஒரு கோஸ்டர்

கடைசியாக மேட்டருக்கு வருவோம். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா சென்னையில் ஒரு கோஸ்டர் ஓடுது. பேர் ‘தஞ்சோரா’! காதில் விழுந்ததுமே டெல்டாக்காரன் நிமிர்ந்து உட்காருவானா மாட்டானா? தண்டவாளம் தலைக்கு மேலே, கால் அந்தரத்தில் தொங்கும் ‘இன்வர்ட்டட்’ ரகம். இந்த ரகத்தை 1992-ல் அமெரிக்காவில் ‘பேட்மேன்’ கோஸ்டர் மூலம் உலகத்துக்குக் காட்டியது சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபில்லார் கம்பெனி. அவங்க தயாரிப்பு ஒன்று 2013-லேயே மகாராஷ்டிராவின் இமேஜிகாவுக்கு ‘நைட்ரோ’ என்ற பெயரில் வந்தாச்சு. ஆனால் அவங்களோட ‘இன்வர்ட்டட்’ ரகம் இந்தியாவுக்கு வந்தது தஞ்சோராவில்தான்.

ரூட் ரொம்ப சிம்பிள். ராத்திரி நீடாமங்கலத்தில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால், விடியும் முன்னே செங்கல்பட்டு. அங்கிருந்து திருப்போரூருக்கு பஸ். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். சபர் போன அத்தாவின் போட்டோவில் பார்த்தது இப்போ ஒரு ராத்திரி ரயில் தூரம்.

ஆனால் மெக்கானிக்கல், சிவில் படிக்கும் மக்களே, ஒரு கேள்வி. வால்டர் பொலிகரும் கிளாட் மாபில்லாரும் உங்களை மாதிரி இன்ஜினீயர்கள்தான். இன்னொரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, 1988-ல் சொந்தமாகத் தொடங்கினார்கள். 300 டன் தேரை வீதி மூலையில் திருப்பத் தெரிந்த மண் இது. பேரை மட்டும் நாம கொடுத்துட்டு, கணக்கை சுவிட்சர்லாந்துக்காரன் போட்டா எப்படி?

மறுபடி தஞ்சோராவில் தொங்கும்போது கத்துங்கள், தப்பில்லை. கண்ணை மட்டும் மூடாதீங்க. அந்த வளைவை ஏன் அப்படி வளைச்சிருக்கான்னு பாருங்க!